மேலே மலை, கீழே திராட்சைப் பந்தல்

1972-ஆம் ஆண்டு நடந்த இரண்டு விஷயங்களைக் கொஞ்ச நாளாகவே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று, எல்லோருக்கும் தெரிந்தது. அந்த ஆண்டுதான் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புலிக்கும் யானைக்கும் அரணாக நின்ற அதே சட்டத்தின் கடைசிப் பக்கங்களில் ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. தொல்லை தரும் உயிர்களின் பட்டியல். காக்கை, நரி, எலி என்று போகும் அந்தப் பட்டியலில் ‘பழந்தின்னி வவ்வால்கள்’ என்றும் ஒரு வரி. எந்த வகை, எந்த ஊர் என்று எதுவும் கிடையாது. பழம் தின்கிற வவ்வால் என்றால் போதும், யார் வேண்டுமானாலும் கொல்லலாம், கேள்வி இல்லை.

இரண்டாவது விஷயம் அவ்வளவாக வெளியே தெரியாதது. அதே 1972-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்று வெளியானது. எழுதியவர் கிட்டி தொங்லோங்யா என்ற தாய்லாந்து விலங்கியலாளர். தென்னிந்தியாவில் கிடைத்த ஒரு பழந்தின்னி வவ்வால், அறிவியல் அதுவரை அறிந்த எந்த வகையிலும் சேராது. வகை மட்டுமில்லை, நெருங்கிய வகைகளைச் சேர்த்து வைக்கும் பேரினமே புதியது என்று அந்தக் கட்டுரை நிறுவியது. பறவையியலாளர் சலீம் அலியைப் பெருமைப்படுத்தி லாட்டிடென்ஸ் சலீம்அலியை என்று பெயர் வைத்தார் கிட்டி. அந்த வவ்வால் கிடைத்த இடம் எங்கள் தேனி மாவட்டத்து மேகமலை.

ஆக, உலகத்துக்கு அந்த விலங்கு அறிமுகமான அதே ஆண்டில் சட்டமும் அதைக் கொல்லத் தகுந்தது என்று எழுதிவிட்டது. சட்டம் எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு அந்த வவ்வாலைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் தெரியாத ஒன்றையும் சேர்த்து ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட முடிகிறதே, அதுதான் எனக்கு ஆறவில்லை. வவ்வால் ஆராய்ச்சி என்றால் யாரோ சிலருடைய தனி ஆர்வம் என்று நினைப்பவர்களிடம் இந்த ஒரு ஆண்டைத்தான் முதலில் சொல்வேன்.

கிட்டி ஆராய்ந்த அந்த வவ்வால் உடலின் கதையும் சொல்ல வேண்டியது. 1948-இல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டத்துரை இருந்தார். தேயிலை, காபி வேலைக்கு நடுவே பறவை, பாம்பு, பூச்சி என்று எதையும் விடாமல் கவனித்தவர். மலைச்சரிவின் காபி எஸ்டேட் ஒன்றில் அவர் பிடித்த வவ்வால் பம்பாய்க்குப் போனது. அங்கே அதைக் குறுமூக்குப் பழந்தின்னி வவ்வால் என்று குறித்துச் சேகரிப்பில் வைத்துவிட்டார்கள். குறுமூக்கு என்பது நம் ஊர்களில் எங்கும் பார்க்கக் கிடைப்பது. கொய்யா மரத்திலும் நெட்டிலிங்க மரத்திலும் இருப்பது. அளவிலும் நிறத்திலும் ஒரு பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல்தான். யாரும் சந்தேகப்படவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தோலும் மண்டையோடும் வேறு ஒரு விலங்கின் பெயரைச் சுமந்துகொண்டு அலமாரியில் கிடந்தன.

கிட்டி அதை எடுத்துப் பார்த்தபோது செய்தது மிக எளிமையான வேலை. வாயைப் பார்த்தார், வாலைத் தேடினார். குறுமூக்கு வவ்வாலுக்கு மேலும் கீழும் நான்கு நான்கு வெட்டுப்பற்கள் உண்டு. இதற்கு இரண்டு இரண்டுதான். குறுமூக்குக்கு இறக்கைத் தோலுக்கு வெளியே சின்னதாக ஒரு வால் எட்டிப் பார்க்கும். இதற்கு வாலே இல்லை. அவ்வளவு வித்தியாசம் கண்ணெதிரே இருந்தும், பெயர்ச் சீட்டில் எழுதியிருந்ததை யாரும் கேள்வி கேட்கவில்லை. கிட்டி 1974-இல், இன்னும் செய்ய எவ்வளவோ இருந்த வயதில், இறந்துபோனார். அதற்குச் சற்று முன்பு தாய்லாந்துக் குகைகளில் அவர் கண்டெடுத்த, இரண்டு கிராம் எடை மட்டுமே உள்ள ஒரு வவ்வாலுக்கு அதே ஆண்டில் அவர் பெயரையே வைத்தார்கள். உலகின் மிகச் சிறிய பாலூட்டிகளில் ஒன்று அது.

லாட்டிடென்ஸ் என்றால் அதன் பிறகும் வெகுகாலம் அலமாரியில் கிடந்த அந்த ஒரே உடல்தான். 1993-இல் பம்பாய் சங்கத்தினரும் இங்கிலாந்தின் ஹாரிசன் விலங்கியல் அருங்காட்சியகத்தினரும் சேர்ந்து மேகமலையில் வலை கட்டி அதை உயிரோடு பிடித்தார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து. பின்னர் களக்காடு முண்டந்துறைப் பக்கமும் அது இருப்பது தெரியவந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர வேறெங்கும் இல்லாத விலங்கு.

பந்தலுக்குள்

மேகமலையின் அடிவாரத்தில் கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று வரிசையாகப் பன்னீர் திராட்சைத் தோட்டங்கள். என் தாய்மாமா அங்கே பந்தல் போட்டிருக்கிறார். ஆண்டு முழுக்கக் காய்க்கும் பூமி என்று வெளியூர்க்காரர்கள் பொறாமைப்படுவார்கள். ஆனால் காய் பழுத்து நிறம் ஏறும் பத்துப் பதினைந்து நாள் எங்கள் மாமா வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. பகலில் மைனா, கிளி. இரவில் வவ்வால். ஒரு கொத்தில் நாலு பழத்தைக் கடித்துவிட்டுப் போனாலும் மீதி கொத்து சந்தைக்கு ஆகாது, சாறு வழிந்து ஈ மொய்த்துவிடும். இந்த நட்டத்தைச் சிறிது என்று சொல்பவர்கள் ஒரு முறையாவது பந்தல் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் விடியற்காலையில் பந்தலின் ஓரத்து நைலான் வலையில் ஒரு வவ்வால் சிக்கியிருந்தது. மாமா சாக்கு ஒன்றை நாலாக மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு அதைப் பிடித்தார். நான் கத்தரியால் ஒவ்வொரு இழையாக வெட்டினேன். அவ்வளவு கிட்டத்தில் அதுவரை பார்த்ததில்லை. காதின் விளிம்பைச் சுற்றி வெள்ளை நூலால் கரை கட்டியது மாதிரி ஒரு கோடு. இறக்கைத் தோல் கறுப்பு. அதற்குள் ஓடும் விரல் எலும்புகள் மட்டும் வெளிறித் தெரிந்தன. கட்டைவிரலில் ஒரு கொக்கி நகம், அடுத்த விரலின் நுனியிலும் இன்னொரு சிறிய நகம். கண் பெரிது, பழுப்பு. உடம்பெல்லாம் புளித்த பழ வாசனை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன்: ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சின்ன வால். குறுமூக்குதான், சந்தேகமே இல்லை.

மாமாவிடம் லாட்டிடென்ஸ் கதையைச் சொன்னேன். மேலே தெரிகிற இதே மலையில், இதைப் போலவே தோற்றத்தோடு வால் இல்லாத ஒன்று இருக்கிறது, உலகத்தில் வேறு எங்கும் இல்லை என்றேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்: “இருக்கட்டும் மாப்ள. ராத்திரி வந்து பழத்தைக் கடிக்கிறப்ப வாலு இருக்கா இல்லையான்னா பாக்க முடியும்? எனக்கு எல்லாம் ஒண்ணுதான்.”

அவர் சொன்னதில் குறையே காண முடியாது. பயிர் வைத்தவருக்கு அந்த நேரத்தில் எல்லாம் ஒன்றுதான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வால் இருப்பதும் இல்லாததும் அந்த இரவில் அவருக்கு முக்கியமில்லை என்றால், வேறு யாருக்கு, எதற்கு முக்கியம்? ஆராய்ச்சியாளர்கள் இவ்வளவு மெனக்கெட்டுப் பிரித்துப் பிரித்து எழுதுவது பெயர்ப் பட்டியலை நீட்டுவதற்காகவா? உலகில் 1,400-க்கும் மேற்பட்ட வவ்வால் வகைகள், பாலூட்டி வகைகளில் ஐந்தில் ஒன்று வவ்வால் என்ற கணக்கெல்லாம் மாமாவுக்கு எந்தப் பதிலையும் தராது.

ஒரு பதிலை இலுப்பை மரத்தில் பார்த்தேன். கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த அந்த மரத்தின் பூவிதழ், தேனும் சதையுமாகத் திரண்ட ஒரு குவளை. இரவில் வவ்வால் வந்து அந்தக் குவளையை வாயால் கழற்றிக்கொண்டு போகும். போகிற வழியில் முகத்தில் ஒட்டிய மகரந்தம் அடுத்த மரத்துக்குச் சேரும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரிமுத்துவும் அவரோடு பணியாற்றியவர்களும் தென் தமிழ்நாட்டு இலுப்பை மரங்களில் இதை ஆராய்ந்து 2009-இல் எழுதினார்கள். அங்கே வேலை செய்வது எங்கள் மாமா வலையில் சிக்கிய அதே குறுமூக்குதான். திராட்சையைக் கடிப்பதும் இலுப்பையைக் காய்க்க வைப்பதும் ஒரே விலங்கு. சரி, அப்படியென்றால் அது நல்லதா கெட்டதா என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது என்பதே என் பதில். எந்த வவ்வால், எந்த மரம், எந்த மாதம் என்று கேட்டால்தான் பேசவே முடியும். ஐந்தாம் அட்டவணை இந்த மூன்றையும் கேட்கவில்லை.

ஒரே உருவம், இரண்டு குரல்

என் எண்ணத்தை உண்மையிலேயே திருப்பியது லாட்டிடென்ஸ் இல்லை. அதைப் பிரித்துக் காட்டப் பல்லும் வாலுமாவது இருந்தன. பல், வால், நிறம், முகம் எல்லாம் ஒன்றாக இருந்தும் இரண்டு வகைகளாக இருக்கிற விலங்குகளைப் பற்றிப் படித்தபோதுதான் மாமாவின் ‘எல்லாம் ஒண்ணுதான்’ எனக்குள் முழுதாக உடைந்தது.

குதிரைலாட வவ்வால்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. மூக்கைச் சுற்றி லாடம் போன்ற தோல் மடிப்பு இருக்கும். இவை பூச்சி தின்பவை. இருட்டில் குரல் எழுப்பி, எதிரொலியைக் கேட்டு வழி பார்ப்பவை. நம் காது சுமார் 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். இவற்றின் குரல் அதைப்போல நாலைந்து மடங்கு உயரம். மற்ற பல வவ்வால்கள் மேலிருந்து கீழே சறுக்கும் சுரமாகக் குரல் கொடுக்க, குதிரைலாட வவ்வால் ஒரே சுருதியை நீளமாகப் பிடிக்கும். அதன் காதும் மூளையும் அந்த ஒரு சுருதிக்கென்றே தீட்டப்பட்டவை. பறந்து முன்னேறும்போது, எதிரே வரும் ரயிலின் ஊதல் உயர்ந்து கேட்பதற்கான அதே காரணத்தால், எதிரொலியின் சுருதி உயர்ந்துவிடும். அது தன் காதுக்கு வாகான இடத்தைத் தாண்டிப் போய்விடாதபடி வவ்வால் தன் குரலை அந்த அளவுக்குத் தணித்துக்கொள்ளும். ஜெர்மனியின் ஹான்ஸ்-உல்ரிச் ஷ்னிட்ஸ்லர் 1960-களின் இறுதியில் இதைக் கண்டறிந்தார். ஒவ்வொரு சிறகடிப்பிலும் வேகம் மாற மாற, தன் குரலைத் திருத்திக்கொண்டே பறக்கிற உயிர் அது. சுருதி என்பது அதற்கு அலங்காரம் இல்லை, கண்.

மதுரையைச் சுற்றியுள்ள குகைகளும் பாழடைந்த கட்டடங்களும் இந்த ஆராய்ச்சியில் உலக அளவில் பெயர் பெற்றவை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் கட்டி எழுப்பிய துறை, சமணர் மலைப் பக்கத்துக் குகை வவ்வால்களை வைத்து உடலுக்குள் ஓடும் கடிகாரத்தைப் பற்றி முக்கியமான உண்மைகளைக் கண்டுபிடித்தது. வெளிச்சம் புகாத குகைக்குள் அடைத்து வைத்த வவ்வால்கூட, உடன் வாழும் மற்றவை மாலையில் கிளம்புவதை அறிந்து தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது என்று 1981-இலேயே காட்டினார்கள். மியூனிக்கிலிருந்து கெர்ஹார்ட் நாய்வைலர் வந்து இங்குள்ளவர்களோடு சேர்ந்து, ஒரு தென்னிந்திய ஊரைச் சுற்றி வாழும் பல வகை வவ்வால்கள் ஒவ்வொன்றுக்கும் எந்தச் சுருதி கேட்கும் என்று அளந்து 1984-இல் வெளியிட்டார்.

அந்த மண்ணில்தான் அடுத்த படி நடந்தது. தென்னிந்தியாவின் செங்குதிரைலாட வவ்வால் ரைனோலோபஸ் ரூக்ஸி. 1835-இல் டெம்மின்க் என்ற விலங்கியலாளர் பெயர் வைத்த, நன்கு அறியப்பட்ட வகை. காமராசர் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீபதி கந்துலா, அவருடைய மாணவர்கள் பாலாஜி சட்டோபாத்யாய், கிருத்திகா கார்க், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் ஆகியோர் இதன் குரல்களைப் பதிவு செய்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. சில கூட்டங்கள் சுமார் 80 கிலோஹெர்ட்ஸில் பாடின. வேறு சில 90-ஐ ஒட்டிய சுருதியில் பாடின. கையில் பிடித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே வவ்வால்.

நான் வியப்பது அவர்கள் இதில் காட்டிய நிதானத்தை. குரல் வேறு என்பதால் மட்டும் வகை வேறு என்று சொல்லிவிட முடியாது. உடல் அளவைப் பொறுத்தும், வயதைப் பொறுத்தும், காற்றின் ஈரத்தைப் பொறுத்தும் சுருதி மாறலாம். ஊருக்கு ஊர் பேச்சு வழக்கு மாறுவதுபோல ஒரே வகைக்குள் நிகழும் வேறுபாடாகவும் இருக்கலாம். அதனால் மரபணுவைப் பார்த்தார்கள். இதற்கு வவ்வாலைக் கொல்ல வேண்டியதில்லை. மெல்லிய வலையில் பிடித்து, இறக்கைத் தோலில் மிளகு அளவுக்கு ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பறக்கவிட்டுவிடலாம். ஓட்டை சில வாரங்களில் மூடிக்கொள்ளும். அந்தத் துண்டில் இருக்கும் மரபணு எழுத்துகளை ஒப்பிட்டபோது இரண்டு குரல்களும் இரண்டு தனித்தனிப் பரம்பரைகள் என்று தெரிந்தது. 2010-இல் கட்டுரை வந்தது. 2012-இல் உயர்ந்த சுருதிக்காரனுக்கு ரைனோலோபஸ் இண்டோரூக்ஸி என்று தனிப் பெயர் கிடைத்தது.

ஐரோப்பாவிலும் இதற்கு முன்னோடி உண்டு. அங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் சிறிய பிப்பிஸ்ட்ரெல் வவ்வால் 45 கிலோஹெர்ட்ஸிலும் 55 கிலோஹெர்ட்ஸிலும் குரல் கொடுப்பதைக் கவனித்து, 1997-இல் மரபணுவை ஒப்பிட்டார்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு மரபணுவில் மட்டும் 11 சதவீதத்துக்கும் மேல் வேறுபாடு. இரண்டு நூற்றாண்டாக உலகிலேயே அதிகமாக வவ்வால்களைக் கவனித்த நாடுகளில், ஆகப் பழக்கமான வவ்வாலே இரண்டாக இருந்திருக்கிறது. அங்கேயே அப்படி என்றால் நம் மலைகளில் என்னவெல்லாம் ஒரே பெயருக்குள் அடைந்து கிடக்கும் என்று நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் பதற்றமும் சேர்ந்தே வருகின்றன. பதற்றம் ஏன் என்றால், பரவலான ஒரு வகை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது குறுகிய எல்லை கொண்ட இரண்டு வகைகளாக இருந்தால், ஒன்று அழிவதைக்கூட ‘இன்னும் எங்கும் இருக்கிறதே’ என்று சொல்லிக்கொண்டே பார்த்திருப்போம்.

கூடாரத்துக்குள் யாருடைய குட்டி

மாமா வலையின் குறுமூக்குக்கே திரும்பி வருகிறேன். இத்தனை சாதாரண விலங்கைப் பற்றி இனி என்ன தெரிய வேண்டும் என்று தோன்றும். பாளையங்கோட்டையைச் சேர்ந்த பாலசிங் முதலானோர் 1995-இல் எழுதியதைப் படித்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆண் குறுமூக்கு, திரைக்கொடியின் அடர்ந்த தொங்கலுக்குள்ளும் நெட்டிலிங்க மரத்திலும் தண்டுகளையும் இலைகளையும் வாரக்கணக்கில் கடித்துக் கடித்து ஒரு மணி வடிவக் குடைவை உண்டாக்குகிறது. வேலையெல்லாம் ஓர் ஆண் மட்டுமே செய்வது. பிறகு பெண்கள் வந்து சேர்கின்றன. ஒரு கூடாரத்தில் ஓர் ஆண், பல பெண்கள், குட்டிகள். பார்ப்பவர்கள் அந்தப்புரம் என்றே பெயர் வைத்தார்கள். அங்கே பிறக்கும் குட்டிகளின் தகப்பன் அந்த ஆண்தான் என்பது இயல்பான முடிவு. புனேயில் கூந்தற்பனைகளில் வாழும் கூட்டத்தை வைத்து ஜே ஸ்டோர்ஸ், எச்.ஆர். பட், தாமஸ் குன்ஸ் மூவரும் செய்த மரபணு ஆய்வும், சில ஆண்களுக்கே நிறைய வாரிசுகள் என்ற பக்கம்தான் பேசியது.

குதிரைலாட வவ்வாலைப் பிரித்த அதே மதுரை, பெங்களூருக் குழு 2012-இல் வேறு முடிவைச் சொன்னது. ஆறு இனப்பெருக்கப் பருவங்களில் குட்டிகளுக்கும் பெரியவற்றுக்கும் மரபணுப் பொருத்தம் பார்த்தார்கள். பகலில் யார் எந்தக் கூடாரத்தில் சேர்ந்து தொங்குகிறார்கள் என்பதற்கும் யார் யாருக்குத் தகப்பன் என்பதற்கும் தொடர்பே இல்லை. அந்தப்புரம் என்று கண் சொன்னது, தங்குமிடம் மட்டும்தான். கூடாரம் கட்டாத ஆண்களுக்கும் குட்டிகள் இருந்தன. புனேயும் மதுரையும் ஏன் ஒத்துப்போகவில்லை என்ற விவாதம் இருக்கிறது. ஒரே வகைக்குள்ளேயே இடத்துக்கு இடம் குடும்ப வாழ்க்கை மாறுமா என்பது நல்ல கேள்வி. எனக்கு இதில் பிடித்தது, நம் வீட்டு மரத்தில் பகலெல்லாம் தொங்கிக்கொண்டு எல்லோரும் பார்க்கிற ஒரு விலங்கின் வாழ்க்கையை, இறக்கையின் ஒரு துளித் தோல் திருத்தி எழுதிவிட்டது.

வரைபடம் யார் கால் பட்ட இடம்

எங்கே வாழ்கிறது என்ற கேள்வியும் இப்படித்தான். கர்நாடகா, கோவா எல்லையில் பாரபேடே என்று ஒரு குகை. ராட்டனின் தளர்வால் வவ்வால் என்று ஒன்றை அங்கிருந்து 1913-இல் உலகுக்கு விவரித்தார்கள். அந்த நூற்றாண்டு முடியும் வரை உலகில் அதற்கு அந்த ஒரே குகைதான் முகவரி. பிறகு கம்போடியாவில் கிடைத்தது, மேகாலயாவில் கிடைத்தது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு ஒரு வகை வாழ்கிறது என்றால், இடையில் அது இல்லையா, யாரும் போய்ப் பார்க்கவில்லையா? பரவல் வரைபடத்தில் புள்ளி இருக்கும் இடமெல்லாம் முதலில் யாரோ ஓர் ஆராய்ச்சியாளர் இரவில் வலையோடு நின்ற இடம். இதை மறந்துவிட்டு, புள்ளி இல்லாத இடத்தில் வவ்வாலும் இல்லை என்று சொல்லி அணைக்கும் குவாரிக்கும் அனுமதி கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்குத் தாங்குவதில்லை.

இதன் மறுபக்கம் கர்நாடகத்தின் கோலார். 1994-இல் கோக், பட் இருவரும் விவரித்த கோலார் இலைமூக்கு வவ்வால், இரண்டு கிராமங்களின் குகைகளில் மட்டும் அறியப்பட்டது. ஒன்றிலிருந்து மறைந்துவிட்டது. ஹனுமனஹள்ளியில் ஒரே குகையில் சில நூறு வவ்வால்கள்தான் மிச்சம். சுற்றிலும் கருங்கல் பாறைகள்; கல்லுடைப்பு அந்தக் குகையின் வாசல் வரை வந்து நின்றது. அதை இனம் பிரித்து எழுதாமல் இருந்திருந்தால், பாறைக்குள் கொஞ்சம் வவ்வால் இருந்தது, பாறை போனது, வவ்வாலும் போனது என்பதோடு முடிந்திருக்கும். பெயர் இருந்ததால்தான் அதற்காக ஆர்வலர்களும் வனத்துறையும் நிற்க முடிந்தது, குவாரியை நிறுத்த முடிந்தது.

வைரஸ் வந்த ஆண்டுகளில்

2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்தது. மக்கள் இறந்தார்கள், பயந்ததில் எந்தத் தவறும் இல்லை. அந்த வைரஸ் பெரிய பழந்தின்னி வவ்வாலில், கிராமங்களில் ஆலமரத்தில் நூற்றுக்கணக்கில் தொங்கும் அந்தப் பெரிய வகையில், வாழ்கிறது என்பதையும் மரபணு ஒப்பீடுதான் காட்டியது. 2020-இல் கேரளம், தமிழ்நாடு, புதுச்சேரி, இமாச்சல் ஆகிய இடங்களின் பழந்தின்னி வவ்வால் வகைகள் இரண்டில் கொரோனா வைரஸ்கள் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) விஞ்ஞானிகள் எழுதினார்கள். அவை கோவிட் வைரஸ் இல்லை என்று அந்த ஆய்விலேயே தெளிவாக இருந்தது. ஆனால் செய்தியில் ‘தமிழ்நாட்டு வவ்வாலில் கொரோனா’ என்று வந்தது. கட்டடங்களின் பொந்தில் குடியிருக்கும் பூச்சியுண்ணும் வவ்வால்களைக்கூடப் புகை போட்டு விரட்டினார்கள், மரங்களை வெட்டச் சொல்லி மனு கொடுத்தார்கள். தெற்காசியாவின் வவ்வால் ஆராய்ச்சியாளர்கள் 64 பேர் சேர்ந்து கையெழுத்திட்டு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஆய்வு இரண்டு வகைகளின் பெயரைச் சொன்னது, ஊர் அதை வவ்வால் என்று கேட்டது. 1972-இன் அந்த ஒற்றை வரி இன்னும் நம் தலைக்குள் இருக்கிறது.

சட்டத்தில் அது இப்போது இல்லை. லாட்டிடென்ஸையும் ராட்டன் வவ்வாலையும் முன்பே உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணைக்கு உயர்த்திவிட்டார்கள். 2002-இல் மதுரையில் கூடிய ஆராய்ச்சியாளர்கள் தெற்காசிய வவ்வால்கள் ஒவ்வொன்றின் நிலையையும் தனித்தனியாக மதிப்பிட்டு, பழந்தின்னிகளை ஒட்டுமொத்தமாகத் தொல்லை என்பதை மாற்றச் சொல்லித் தொடர்ந்து வலியுறுத்தினார்கள். 2022 திருத்தச் சட்டத்தில் அந்த ஐந்தாம் அட்டவணையே நீங்கியது. ஐம்பது ஆண்டு ஆகியிருக்கிறது. அதற்காக மாமாவின் திராட்சை நட்டம் நீங்கிவிடவில்லை. வலையைத் தொங்கலாக விடாமல் இழுத்துக் கட்டினால் வவ்வால் சிக்கிச் சாவது குறையும், பழமும் தப்பும் என்பதால் இப்போது அப்படிக் கட்டுகிறார். அதற்கு ஆகும் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. பாதுகாப்பின் செலவை அடிவாரத்து விவசாயி மட்டும் சுமப்பது நியாயமில்லை.

மேலே மலையில் செய்ய வேண்டியது வேறு. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் வந்தது நல்ல செய்தி. ஆனால் லாட்டிடென்ஸ் முதலில் கிடைத்ததும் திரும்பக் கிடைத்ததும் காடும் எஸ்டேட்டும் கலந்த பகுதியில். காபிக்கு நிழலாக நின்ற அத்தியும் மற்ற காட்டுப் பழ மரங்களும்தான் அதன் சாப்பாடு. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகப் பல எஸ்டேட்டுகளில் அந்த மரங்களை எடுத்துவிட்டு, சீக்கிரம் வளர்ந்து விலை போகும் சில்வர் ஓக்கை வைக்கிறார்கள். சில்வர் ஓக்கில் வவ்வாலுக்குப் பழம் கிடையாது. காப்பகத்து எல்லைக்கு வெளியே இருக்கும் எஸ்டேட்டுகளில் எந்த நிழல் மரத்தை வெட்டலாம், எதை விட வேண்டும் என்ற பட்டியலை வனத்துறையும் தோட்ட முதலாளிகளும் உட்கார்ந்து போட வேண்டும். அந்தப் பட்டியலில் அத்தி முதலில் வரட்டும்.